கோடு தாண்டிய கை

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தாள். எங்கள் குடும்பத்தில் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்பும் கலையாமல் காலை முதல் சாயங்காலம் வரை நிற்பாள். தன்னை யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாக்கள் பக்கத்தில் இருந்தால் அந்தப் பயம் இரண்டு மடங்காகிவிடும்.

முதல் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பந்து விளையாட்டு வந்தது. சென்னையிலிருந்து ஒரு தோல் பந்தும் விதிகள் அச்சடித்த சின்ன இங்கிலீஷ் புத்தகமும் வந்தன. கூடை வரவில்லை. என்னோடு படித்த தோழி ஒருத்தியின் அப்பா தேரிக்காட்டுப் பக்கம் பனைத்தொழில் செய்தவர். அவர் ஓலையில் முடைந்த இரண்டு கடவப்பெட்டிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றைக் கம்பங்களின் உச்சியில் கட்டினோம். பந்து பெட்டிக்குள் விழுந்துவிட்டால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். கூடைப்பந்து என்ற பெயரெல்லாம் பிறகு வந்தது. எங்களுக்கு அது பெட்டிப் பந்து.

பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போகும்போது அந்த மனிதர் அக்காவிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "டீச்சரம்மா, இவளுக்கு மாப்பிள்ளை கேட்டு வாராவ. நான்தான் படிக்கட்டும்னு தள்ளிக்கிட்டு இருக்கேன். ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போகுதேன்" என்றார். அக்கா, "நான் பாத்துக்கிடுதேன் அய்யா. அவ பெரிய டீச்சரா வருவா" என்றாள்.

பெண்கள் ஆடும் விதியில் மைதானத்தை இரண்டு கோடுகள் போட்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதியில் நிற்கிறவள் இன்னொரு பகுதிக்குப் போகக் கூடாது. பந்துதான் கை மாறிக் கை மாறி முன்னே போக வேண்டும். சுண்ணாம்பில் கோடு போட்ட அன்றே நாங்கள் அந்த மூன்றுக்கும் முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு என்று வீட்டைப் போலப் பெயர் வைத்துவிட்டோம். நான் நடுக்கட்டு. தோழி பின்கட்டு. எங்கள் பெட்டியைக் காப்பது அவள் வேலை. நெட்டையான பெண், கை இன்னும் நெட்டை. அவளைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம்.

புத்தகத்தைப் படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னது அக்கா. யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருந்தது. தமிழில் தாண்டுவது காலின் வேலை. ஆகவே அக்கா, "கால் கோட்டுக்கு உள்ள இருக்கணும். அதான் கணக்கு" என்று சொல்லிக்கொடுத்தாள். தோழி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பாதத்தைக் கோட்டுக்கு ஒரு விரற்கடை உள்ளே ஊன்றிக்கொண்டு, இடுப்பை வளைத்து, நடுக்கட்டுக்கு மேலே வரும் பந்தை எட்டிப் பறிப்பாள். அக்கா அதைப் பார்த்து எத்தனையோ முறை கை தட்டியிருக்கிறாள்.

அடுத்த வருஷம் தெற்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வேறொரு பெண்கள் பள்ளிக்கூடத்தார் எங்களோடு ஆட வந்தார்கள். மாட்டு வண்டிகளில் பிள்ளைகளும், அவர்களோடு ஒரு மிஸ்ஸியம்மாவும் வந்து இறங்கினார்கள். அக்கா நடுவர். மிஸ்ஸியம்மா கோட்டருகே நின்று கவனிக்க ஒப்புக்கொண்டார். வேப்பமரங்களின் கீழே பள்ளிக்கூடமே கூடி உட்கார்ந்திருந்தது. எங்கள் தலைமை மிஸ்ஸியம்மாவும் நாற்காலி போடச் சொல்லி வந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் இரண்டு பக்கமும் சமம். எதிர்ப்பக்கத்து நடுக்கட்டுக்காரி எனக்கு எட்டாத உயரத்தில் பந்தை எங்கள் பின்கட்டில் நின்ற தங்கள் ஆளை நோக்கி வீசினாள். பந்து கோட்டுக்கு மேலே வருவதற்குள் தோழியின் கை நீண்டது. நடுக்கட்டின் ஆகாயத்திலேயே பந்தைப் பிடித்துவிட்டாள். அதை எனக்குத் தட்டிவிட, நான் முன்கட்டுக்கு எறிய, எங்கள் பெண் அதைப் பெட்டிக்குள் போட்டாள். மரத்தடியில் ஒரே ஆரவாரம். அப்போதுதான் கோட்டருகே அந்த மிஸ்ஸியம்மா கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தோம்.

"இந்தப் பெண்ணுடைய கை கோட்டைக் கடந்தது" என்றார். "கோடு நிலத்தில் மாத்திரம் இல்லை. அது ஒரு சுவர். மேலேயும் இருக்கிறது."

அக்கா புத்தகத்தைப் பிரித்தாள். அதில் கால் என்றும் இல்லை, கை என்றும் இல்லை. தாண்டக் கூடாது என்று மட்டும்தான். யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் பள்ளிக்கூடத்துக்குச் சாதகமாகச் சொன்னால் ஓரவஞ்சனை என்பார்கள் என்று நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நாற்காலியில் இருந்த தலைமை மிஸ்ஸியம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு விசிலை ஊதி, "கோட்டுக் குற்றம். பெட்டியில் விழுந்தது செல்லாது" என்றாள்.

தோழி அவள் முன்னால் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று கூப்பிடுகிறவள் அன்றைக்கு வாய் தவறி அக்கா என்றாள்.

"அக்கா, கால் உள்ளதான இருந்துச்சு? நீங்கதான காலுன்னு சொல்லித் தந்திய?"

அக்கா புத்தகத்தை மூடிக்கொண்டு பந்தை எதிர்ப்பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். குற்றத்துக்காக அவர்களுக்குத் தடையில்லாமல் எறிய ஒரு வாய்ப்பு உண்டு. அந்தப் பெண் நிதானமாக எறிந்தாள். பந்து பெட்டிக்குள் விழுந்தது. அவர்கள் ஜெயித்தார்கள்.

சாயங்காலம் விடுதியில் சாப்பிடும்போது எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி, "விதி தெரியாம ஆடி எல்லாரையும் கவுத்திட்டாளே" என்று தோழியின் காது பட முணுமுணுத்தாள். தோழி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தாள். அதன்பிறகு அவள் பந்தைத் தொடவே இல்லை. தலைவலி என்பாள், தைக்க வேண்டியது இருக்கிறது என்பாள். அந்த விடுமுறையில் அவள் அப்பா மறுபடியும் கல்யாணப் பேச்சை எடுத்தபோது சரி என்று சொல்லிவிட்டாளாம். பயிற்சி முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அக்கா கேள்விப்பட்டு, "அப்பன்காரரு கடைசியில அவசரப்பட்டுட்டாரு" என்று வருத்தப்பட்டாள். எங்கள் யாருக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை.

நான் படிப்பு முடித்து அதே ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, சென்னையில் தேகப்பயிற்சி படித்த ஓர் ஆசிரியை எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். அக்கா முதல் வேலையாக அந்தச் சந்தேகத்தைத்தான் கேட்டாள். அத்தனை நாளும் அதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். அந்த அம்மாள் யோசிக்கக்கூட இல்லை. "ஆள் எந்தத் தரையில் நிற்கிறாளோ அந்தப் பகுதியில்தான் இருக்கிறாள். கை காற்றில் எங்கே இருந்தால் என்ன? காலைத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

இப்போதைய பிள்ளைகளுக்கு நடுக்கோடு ஒன்றுதான். முன்பாதிக்குக் கொண்டுபோன பந்தைப் பின்பாதிக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். கோட்டருகே துள்ளிப் பந்தைப் பிடிக்கிறவள் எந்தப் பாதியில் இருக்கிறாள் என்று தகராறு வந்தால், அவள் கால் கடைசியாக எங்கே ஊன்றியிருந்தது என்றுதான் நடுவர்கள் பார்க்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோழியின் கால்தான் நினைவுக்கு வருகிறது.

அந்தச் சென்னை ஆசிரியை பதில் சொன்ன அன்றைக்கு ராத்திரி அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "ஏட்டி, அவளப் போய்ப் பாக்கணும்" என்றாள். அடுத்து வந்த விடுமுறையில் வாடகை வண்டி பிடித்து இருவரும் கிளம்பினோம். தோழியைக் கட்டிக்கொடுத்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, ஆற்றங்கரையில். வழியெல்லாம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும்.

தோழி இடுப்பில் ஒரு குழந்தையோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவள் புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தார், ஊரில் இல்லை. மாமியார் பாய் போட்டு, பனங்கிழங்கு அவித்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். அக்கா கிழங்கைத் தொடவில்லை.

"அன்னைக்கு ஒம்மேல குற்றமே இல்ல. நீ ஆடினதுதான் சரி. மெட்ராஸ்ல இருந்து வந்த அம்மாகிட்ட கேட்டுட்டேன்" என்றாள்.

தோழி குழந்தையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டாள். "அதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்திய?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன்லா."

"குற்றம்னு சொன்னதுக்கு எனக்குக் கோவமே இல்லக்கா. புத்தகத்துல அப்படின்னா அப்படித்தான். 'நான்தான் இவளுக்கு இப்படிச் சொல்லித் தந்தேன்'னு அத்தன பேரு முன்னால ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா போதும்."

அக்கா, "அதுனாலதான் படிப்ப விட்டியா?" என்று கேட்டாள்.

"அதுவும் ஒண்ணு." தோழியின் குரலில் கசப்பு இல்லை. அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. "நானும் நாளைக்கு டீச்சரா நிப்பேன். பெரியவங்க யாராவது வந்து ஒண்ணு சொன்னா நானும் பிள்ளைய விட்டுட்டு இப்படித்தான் சும்மா நிப்பேனோன்னு தோணிச்சு. எங்கப்பா கேட்டாவ. சரின்னுட்டேன்."

அக்கா அழுதாள். அவள் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தோழி எழுந்து வந்து, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைப் பையத் தடவிக்கொடுத்தாள். "அதான் இப்பச் சொல்லிட்டியல்லா. கெழங்க எடுத்துக்கிடுங்க, ஆறிப்போகுது" என்றாள். அடுத்த ஆட்டத்துக்கு அவளைப் பாளையங்கோட்டைக்கு வரச் சொன்னாள் அக்கா. எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நடந்ததைச் சொல்லப் போவதாகவும் சொன்னாள். வருகிறேன் என்று தோழி தலையாட்டினாள்.

ஆட்டத்தன்று அக்கா விசிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இடம் பிடித்து நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இனித் தாமதிக்க முடியாது என்று ஆன பிறகு, நடு மைதானத்துக்குப் போய், தோழி கடைசியாக ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சொன்னாள். அப்படி ஆடச் சொல்லிக்கொடுத்தவள் தானே என்றும், பிறகு வாய் திறக்காமல் நின்றவளும் தானே என்றும் சொன்னாள். ஆனால் அன்று ஆடிய பிள்ளைகள் எல்லாரும் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். புதுப் பிள்ளைகளுக்கு யாரைப் பற்றிப் பேச்சு என்றே தெரியவில்லை. மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதால் தோழியால் வர முடியவில்லை என்று பின்னால் தெரிந்தது. மறு வருஷம் புருஷன் அவளைக் கொழும்புக்கு அழைத்துப் போய்விட்டார். அக்கா இன்னும் பல காலம் நடுவராக நின்றாள். நல்ல நடுவர் என்று பெயரும் எடுத்தாள். அப்படி யாராவது புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவாள்.