சுருள் தட்டில் வைத்த மாத்திரை

அய்யாவை நம்பி வாழும் அன்புக்கொடி மக்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சுசீந்திரம் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு வலிப்பு நோய் உண்டு. ஒரு தடவை கொதிக்கிற பால் முன்னால் நிற்கும்போதே வலிப்பு வந்து, வலது கை வெந்துபோனது. அதற்குப் பிறகுதான் ஐநூறு மில்லிகிராம் மாத்திரை தொடங்கினோம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நான்கு வருஷமாக வலிப்பு வரவில்லை. நிறுத்தினாலோ குறைத்தாலோ திரும்ப வரும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

போன ஆடி மாதம் டிவியைப் போட்டாலே சண்டைச் செய்தி. கப்பல் வராது, மருந்து வராது என்று போனிலும் வந்துகொண்டே இருந்தது. மருந்துக்கடைக்குப் போனால், "ஸ்டாக் இல்லக்கா. எப்ப வரும்னு எனக்கே தெரியல்ல" என்றார் கடைக்காரர். அன்றைக்கு என் உள்ளே ஏதோ அணைந்துபோனது. அழுகை வரவில்லை. பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மரத்துப்போனேன், அவ்வளவுதான்.

மருந்துச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று பஸ் ஏறி இறங்கினேன். இருக்கிறது என்று சொன்ன கடையில் எல்லாம் வாங்கினேன். பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைந்தது. நிறைந்த பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ராத்திரி உறங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இறக்கி வைப்பேன். அவர் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உனக்கு என்ன ஆச்சு?" என்பார். ஒன்றுமில்லை என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நிழல்தாங்கலுக்கு அய்யாவைக் கும்பிடப் போகும்போது அந்த மாத்திரைகளை ஒரு காவித் துணியில் பொதிந்து எடுத்துப் போனேன். வெற்றிலை, பாக்கு, பழத்தோடு, அய்யாவுக்குப் படைக்கிற சுருள் தட்டில் வைத்தேன். அய்யா காலடியில் கொஞ்ச நேரம் இருக்கட்டும், பிறகு எடுத்துப் போகலாம் என்பது என் எண்ணம். "அய்யா, இந்த மருந்து இவரைக் காக்கணும்" என்று கேட்டேன். பணிவிடை செய்கிற அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க மறந்துவிட்டேன்.

சுருள் தட்டில் வைத்தது யாருக்கும் தனியாகத் திரும்புவதில்லை, எல்லோருக்கும் இனிமமாக, பிரசாதமாகப் பங்கு வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏடு படிப்பு முடிந்ததும் அந்த அண்ணன் பழத்தை நறுக்கிவிட்டு, துணியையும் அவிழ்த்தார். அட்டை அட்டையாக மாத்திரை. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது ஆரு வச்சதாக்கும்?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். வெட்கம்கூட வரவில்லை.

"எடுத்துக்கம்மா. மருந்தப் பங்கு வைக்கப்பிடாது" என்று தட்டோடு நீட்டினார்.

அப்போது தேரூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. அவளுடைய மகளுக்கும் வலிப்பாம். கடை கடையாக அலைந்தும் மாத்திரை கிடைக்கவில்லையாம். தட்டில் இருந்த ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்ல ஆருக்கு? எத்தற பவரு?"

"வீட்டுக்காரருக்கு. ஐநூறு."

"இது எரநூத்தம்பதுல்லா? எம் மவளுக்கு உள்ளதுல்லா இது!"

நான் வாங்கி வாசித்தேன். அடுத்த அட்டையைப் பார்த்தேன். எல்லாமே இருநூற்றைம்பது. வீட்டில் இருந்த பழைய அட்டை மறுநாள் தீர்கிறது. அதற்குப் பிறகு இதைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன். பாதி மருந்தோடு அவர் அடுப்பு முன்னால் நின்றிருப்பார். நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் நானும் தேரூர்க்காரியும் அட்டைகளோடு டாக்டரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு என்று எழுதினார். அந்தப் பிள்ளைக்கு அதுவே சரியான அளவு என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே பாதியை அவளிடம் கொடுத்தேன். மனசு இளகிக் கொடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். என் கை மட்டும்தான் கொடுத்தது. அவள் அழுதாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாதி போய், மீதியும் இரட்டிப்பாகச் செலவானதால் டின் சீக்கிரம் காலியானது. கடைசி அட்டையைப் பிரித்த அன்றைக்குத்தான் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். "அக்கா, ஐநூறு வந்தாச்சு. இனி மாசாமாசம் வரும். எல்லாரும் அள்ளிக்கிட்டுப் போனதுல வந்த தட்டுப்பாடாக்கும் இது."

டீக்கடைக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "அப்போ இனி நீ உறங்குவியா?" என்றார்.

இத்தனை நாளும் நான் அவரைக் காவல் காக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை நினைத்துத்தான் பயந்துபோயிருக்கிறார். வாடிக்கைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் நான் ஓவென்று அழுதேன். ஆடி மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் அழுகை.

இப்போது ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன், அளவை வாசித்து வாங்குகிறேன். தேரூர்க்காரியும் நானும் ஒருத்திக்கொருத்தி விசாரித்துக்கொள்கிறோம். மருந்து அவரைக் காக்கணும் என்றுதான் நான் கேட்டேன். அந்த மருந்திலேயே இருந்த ஆபத்தை அய்யா சபை நடுவில் அவிழ்த்துக் காட்டினார். உங்கள் வீட்டிலும் நோய் இருக்கலாம், பயம் இருக்கலாம். டாக்டர் சொன்ன மருந்தை நிறுத்தாதீர்கள். அய்யாவிடம் கேளுங்கள். கேட்கத் தெம்பில்லாமல் மரத்துப்போயிருந்தாலும் போய் அவர் முன்னால் உட்காருங்கள். நான் அப்படித்தான் போனேன். அய்யா உண்டு மக்களே, என் வீட்டுக்காரர் இன்றைக்கும் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார்.