சிவப்பு உண்ணி ஒட்டிய வண்டுகள்

இன்று காலை தேயிலைச் செடியிலிருந்து ஒரு பழுப்பு வண்டு என் கையில் விழுந்தது. திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றில், கால் முளைக்கும் இடத்தில், கேழ்வரகு மணிபோல் ஏழெட்டுச் சிவப்பு உண்ணிகள். என் அண்ணன் மனைவியை, என் மதினியை, உடைத்துப் போட்டவை இவைதான். அதில் எனக்கும் பங்கு உண்டு.

தேயிலை வருமுன், வத்தேகமைக்கு மேலே இந்த மலை முழுக்கக் கோப்பி; காப்பியை இங்கே அப்படித்தான் சொல்வோம். வண்டு மண்ணில் இடும் முட்டையிலிருந்து வந்த வெள்ளைப் புழு வேரைத் தின்று மரம் மரமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. விடிந்ததும், குளிரில் வண்டுகள் விறைத்திருக்கும்போதே, மரத்தை உலுக்கிச் சாக்கில் விழவைப்போம். தகர டின்னில் சேர்த்து வெந்நீர் ஊற்றிக் கொல்வோம். “இந்த மலை தேறலன்னா எல்லாரும் ஊருக்கு நடக்க வேண்டியதுதான்” என்று கங்காணி தினமும் மிரட்டுவார். மற்றவர்களுக்கு, கடல் தாண்டி ஊர் போகப் படகேறும் மன்னார் வரை காட்டு வழியே நடக்கும் பயம். மதினியின் பயம் வேறு. காய்ச்சலில் போன ஒரே மகளை ஏழாம் வரிசைக் கோப்பி மரத்தடியில்தான் புதைத்திருந்தோம்.

உண்ணியை முதலில் கண்டதும் அவர்தான். “தம்பி, மாட்டையே உண்ணி உறிஞ்சிப் போடுது. இத்துனூண்டு வண்டு தாங்குமா? இதுகள உசுரோட விட்டா மத்ததுக்கும் ஒட்டி, எல்லா வண்டும் செத்துரும்.” அன்றிலிருந்து உண்ணி ஒட்டிய வண்டுகளை மட்டும் மடியில் முடிந்து, கங்காணி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, மகள் கிடந்த மரத்தடியில் விடுவார். அவர் சிரித்தே பல மாதம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் சிரித்தார்.

நான் கவனித்திருந்தேன். வெயில் ஏறியதும் அந்த வண்டுகள் உண்ணியோடு திடமாகப் பறந்தன, இலை தின்றன, மண்ணுக்குள்ளும் இறங்கின. சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு இருந்த ஒரே பிடிமானம் அது. என் கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்குள் ஏழாம் வரிசைதான் முதலில் சாய்ந்தது. மதினி வேரடியைக் கையால் தோண்டினார். மண்ணைவிடப் புழு அதிகம். “நாந்தானே தம்பி கொண்டாந்து விட்டேன்?” என்றார். நான் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினேன். கோப்பி அழிந்து தோட்டத்து ஆட்களைக் கலைத்தபோது அண்ணன் அவரைத் தோளைப் பிடித்துத்தான் மன்னாருக்குப் போகும் மாத்தளை ரோட்டில் இறக்கினான். “புள்ள தனியா கெடக்கும்” என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதன்பின் அவர்களைப் பற்றித் தகவலே இல்லை.

பட்ட மரம் பிடுங்க ஆள் கேட்டார்கள், நான் தங்கிவிட்டேன். அந்த மரத்தையும் பிடுங்கியது நான்தான். இந்தத் தேயிலைக்குள் ஏழாம் வரிசை எது என்று இப்போது எனக்கே தெரியாது.

உள்ளங்கைச் சூட்டில் வண்டு சிறகு விரித்தது. ஏழெட்டு உண்ணியையும் சுமந்துகொண்டு, ஒரு குறையுமில்லாமல் பறந்து போனது.