கிறிஸ்துமஸுக்கு மொச்சை பிரியாணி

ஒருவருடைய உயிரைக் காப்பாற்றுவதும் அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதும் ஒரே வேலையா, இரண்டு வேலையா? இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்றால் எதை முதலில் பார்ப்பது? இதற்குத் தடித்த புத்தகங்களில் பதில் தேடியவர்கள் உண்டு. அந்தப் புத்தகங்கள் எதிலும் சமையலறை வருவதில்லை. பாலக்கரை இருதயமேரிக்கு இந்தக் கேள்வி சமையலறையில்தான் வந்தது, அதுவும் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது.

இருதயமேரிக்கு வயது அறுபத்திரண்டு. தபால் நிலையக் கவுண்டரில் முப்பத்துநான்கு வருடம் உட்கார்ந்தவர். அதில் கடைசி ஒன்பது வருடம் ஸ்ரீரங்கத்தில். பார்சலைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவார். அப்புறம் தராசில் வைப்பார். தராசு பெரும்பாலும் அவரை மறுத்துப் பேசாது. இதைத் தவிரத் தனக்கு வேறு திறமை கிடையாது என்று அவரே சொல்வார். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஏறக்குறைய உண்மைதான்.

அவருடைய கணவர் சகாயநாதன் பொன்மலை ரயில்வே பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய குரல், பெரிய கை, பெரிய தட்டு. போன ஜனவரியில் அவருக்கு நெஞ்சில் வலி வந்து, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்து, இரண்டு ஸ்டென்ட் போட்டு அனுப்பினார்கள். ஆட்டுக்கறி, பன்றிக்கறி, பொரித்தது, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் மறந்துவிடும்படி டாக்டர் சொன்னார். சகாயநாதன் அதற்கு ஒத்துக்கொண்டார். பதிலுக்கு மனைவியிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்: இது யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக, தம்பி விக்டருக்கு.

அதற்குக் காரணம் இருந்தது. எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் விக்டர் உடற்கல்வி ஆசிரியர். ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை வந்தது. அன்று முதல் சகாயநாதன் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கல்யாண வீடாக இருந்தாலும் இழவு வீடாக இருந்தாலும், "வாங்க பேஷன்ட்" என்றுதான் வரவேற்பார். யாராவது விக்டர் தட்டில் கேக் வைக்கப் போனால், "அவருக்கு வேணாம்ப்பா, அவரு பேஷன்ட்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்வார். ஆறு வருடம் இப்படிப் பேசிய ஒருவர் ஏழாவது வருடம் தானே அந்த இடத்தில் போய் உட்காருவது எளிதில்லை. அவர்மேல் பரிதாபப்பட வேண்டுமா என்பது வேறு விஷயம்.

அந்த நான்கு நாளும் வேளாங்கண்ணியில் இருப்பதாக எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து மகன் ஜோஸ் போன் செய்தபோது, "அப்பா, பின்னாடி என்ன பீப் பீப்னு சத்தம்?" என்று கேட்டான்.

"கோயில் மணிடா."

"பீப் பீப்னா அடிக்கும்?"

"புதுசா மாத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார் சகாயநாதன்.

பிறகு பதினோரு மாதம் அந்த வீட்டில் கறி ஏறவில்லை. அவருக்குத் தனி, தனக்குத் தனி என்று சமைக்க மேரிக்கு மனமில்லை; தானும் காய்கறியே சாப்பிட்டார். விருந்துகளுக்கு ஏதாவது காரணம் சொல்லிப் போகாமல் இருந்தார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு மூத்தவர் வீட்டில்தான் என்பது அவர்கள் அப்பா காலத்து ஏற்பாடு. அதற்குத் தப்ப முடியாது.

"ஒரு நாள்தானே மேரி" என்றார் சகாயநாதன்.

"டாக்டர் ஒரு நாளைக்குன்னு தனியா ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப எனக்கு மட்டும் ரசம் சோறு வச்சிருவியா? விக்டர் பாத்தான்னா முடிஞ்சுது. என் தலையில கை வச்சு ஜெபமே பண்ணிருவான்."

"உங்களுக்கு மட்டும் இல்லீங்க. எல்லாருக்குமே காய்தான்."

"கிறிஸ்துமஸுக்கா? ஏன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும்" என்றார் மேரி. அதற்கு மேல் அவரிடமும் திட்டம் இல்லை.

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார். அரவிந்தவல்லி அவருடன் பக்கத்துக் கவுண்டரில் வேலை பார்த்தவர். உத்தர வீதியில் வீடு. கறியே அறியாத வீட்டில் லேசான சமையல் தெரியாமலா இருக்கும் என்பது மேரியின் கணக்கு. கறி சாப்பிடுகிற எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு.

"வாங்கோ மேரி, உக்காருங்கோ. பண்டிகைத் தளிகைதானே? சொல்றேன், எழுதிக்கோங்கோ. மொதல்ல நெய் கால் கிலோ."

மேரி எழுதினார்.

"சக்கரைப் பொங்கலுக்கு நெய். அது தனி. முந்திரி நெய்யில வறுக்கணும், அந்த நெய்யைக் கொட்டிடாதீங்கோ, புளியோதரைல விட்டுடலாம். அதுல நல்லெண்ணெய் ஏற்கெனவே இருக்கும், பரவாயில்லை."

மூன்றாவது பண்டம் வருவதற்குள் மேரி மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். நெய்யும் எண்ணெயும் சேர்ந்து ஆட்டுக்கறி பிரியாணியைவிட நானூறு கிராம் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு ஒப்பீடு அவருக்குத் தோன்றியது. விழுங்கிக்கொண்டு, "வல்லி, இது ஹார்ட்டுக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

அரவிந்தவல்லி உள்ளறைப் பக்கம் பார்த்தார். அங்கே அவர் கணவர் தேசிகன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஹார்ட்டுக்கா? அதை முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்காத்துக்காரருக்கே போன வருஷம் ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு. ஊருக்கெல்லாம் யாத்திரை போயிருந்தோம்னு சொல்லிண்டிருக்கார்."

"எங்கே யாத்திரை?"

"பத்ரி."

"எங்க வீட்டுல வேளாங்கண்ணி" என்றார் மேரி. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் உள்ளேயிருந்து, "என்ன அங்க சிரிப்பு?" என்று குரல் வந்தது.

எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அரவிந்தவல்லி நிஜமான பாடத்தைத் தொடங்கினார். அது ஒரு வருடமாகத் தேசிகனுக்குத் தெரியாமல் தேசிகனுக்கே சமைத்துத் தேறிய பாடம். எண்ணெயைக் கரண்டியால் எடுக்கவே கூடாது, தேக்கரண்டிதான். உருண்டை எதுவானாலும் குழிப்பணியாரச் சட்டியில் சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட வேண்டும். குழம்பு கெட்டியாகத் தேங்காய் வேண்டாம். வெந்த பருப்பில் கொஞ்சம் அரைத்து விட்டால் போதும். வாசனைக்கு வேண்டியதைக் கடைசியில், மேலே மட்டும். "அது மூக்குக்கு மேரி, வயித்துக்கு இல்லை. மனுஷா பாதி மூக்காலதான் சாப்பிடறா."

"வெங்காயம், பூண்டு?"

"அது உங்காத்து விவகாரம். என்னைக் கேக்காதீங்கோ."

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காந்தி மார்க்கெட்டில் பச்சை மொச்சை, காளான், சேனைக்கிழங்கு, இரண்டு வாழைப்பூ, துறையூர் சின்ன வெங்காயம் எல்லாம் வந்து இறங்கின. சமைத்தது இவ்வளவு: சீரகச் சம்பாவில் மொச்சையும் காளானும் போட்ட பிரியாணி, புளித்தண்ணீரில் வேகவைத்துத் தோசைக்கல்லில் சுட்ட சேனை, கோலா உருண்டை மாதிரி வாழைப்பூ உருண்டை, கத்தரிக்காயைச் சுட்டு மசித்த ஒரு தொக்கு, சுட்ட அப்பளம். ஆறு பேருக்கு மொத்தம் நூற்றிருபது கிராம் எண்ணெய். பிரியாணி உன்னதம் என்று சொல்ல முடியாது. மொச்சையை அரைத்து விட்டதில் மசாலா சற்றுக் கனத்துவிட்டது. ஆனால் உருண்டையில் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

காலைப் பூசை முடிந்து, மதியம் ஒரு மணிக்கு விக்டரும் அவர் மனைவி பிரேமலதாவும் வந்தார்கள். ஜோஸும் அவன் மனைவி லின்சியும் முதல் நாளே வந்திருந்தார்கள்.

"வாங்க பேஷன்ட்!" என்றார் சகாயநாதன், வழக்கத்தைவிடச் சத்தமாக.

"வந்துட்டேன். நீ இன்னும் குறையலியே" என்றபடி விக்டர் நேராகப் போய்ப் பிரியாணிப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கினார். கரண்டியால் ஒரு பக்கம் கிளறினார். மறுபக்கம் கிளறினார். அடிவரை போய் வந்தார்.

"அண்ணி, கறி எங்க?"

"மொச்சை போட்டிருக்கேன்."

"அது தெரியுது. கறி?"

"இல்லை."

"சிக்கன் தனியா இருக்கா?"

"இல்லை."

"முட்டையாச்சும்?"

மேரி வாழைப்பூ உருண்டையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி இது! கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில வந்தாக்கூட சாமியாரே சுத்தபோசனம் வேணாம், கறி சாப்பிடலாம்னு விலக்குக் கொடுப்பாரு. தவக்காலத்துலகூட இதைவிட நல்லா..." என்று ஆரம்பித்த விக்டரின் முழங்கையைப் பிரேமலதா பிடித்து இழுத்தார்.

"சும்மா இருங்க. புரியலையா? ஜனவரியில நாலு நாள் வேளாங்கண்ணி போயிட்டு வந்தாங்கல்ல? அதுக்கப்புறம் ஒரு விருந்துக்காவது வந்தாங்களா? நேர்ச்சைங்க."

விக்டர் மூடியை மெதுவாக வைத்தார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மாதாவிடம் வேண்டிக்கொண்டு நேர்ச்சை செய்திருந்தால் எதற்காக என்று கேட்க மாட்டார்கள், கேட்டால் பலிக்காது. எனவே யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் ஆளுக்கொரு பதில் தானாக முளைத்தது. மனிதர்கள் பிறருடைய தியாகத்தைப் பார்க்கும்போது அது தங்களுக்காகத்தான் என்று நினைப்பது ஆச்சரியமில்லை.

முதலில் பிரேமலதா சமையலறைக்குள் வந்து மேரியைக் கட்டிக்கொண்டார். "அக்கா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எங்க ஜென்சிக்கு இருபத்தொன்பது முடியுது. பெத்த நானே கறியை விடலை. நீங்க விட்டிருக்கீங்க."

"அப்பளம் கருகுது, தள்ளிக்க பிரேமா" என்றார் மேரி.

அடுத்து லின்சி தண்ணீர் எடுக்க வந்தவள், "தேங்க்ஸ் அத்தை. கனடா விசா வந்துச்சுன்னா முதல் போன் உங்களுக்குத்தான்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். விக்டர் கை கழுவ வந்த இடத்தில், "துறையூர் நிலத்து கேஸ் பிப்ரவரியில வருது அண்ணி" என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டார். அந்த நிலத்தைப் பற்றி மேரிக்கு எதுவும் தெரியாது. ஜோஸ் மட்டும் எதையும் ஊகிக்காமல் உருண்டையை எண்ணாமல் தின்றுகொண்டிருந்தான்.

பேசாமல் இருப்பது பொய் சொல்வதாகுமா என்று கேட்டால், மேரி ஆகாது என்றே சொல்லியிருப்பார். ஆனால் அவர் அன்று யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

எல்லோரும் பயபக்தியோடு சாப்பிட்டார்கள். குறை சொல்ல வந்த நாக்குகள் எல்லாம் பிரியாணியைப் பாராட்டின. அதற்குத் தகுதி இருந்ததைவிட அதிகமாகவே. சகாயநாதன் தம்பிக்கு எதிரே, தம்பி சாப்பிட்ட அதே பாத்திரத்திலிருந்து, பெரிய தட்டு நிறையச் சாப்பிட்டார். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவர் குரல் தெருவுக்குக் கேட்டது. மேரி நினைத்தது நடந்துவிட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் கை கழுவிவிடுவார்கள்.

அப்போதுதான் விக்டருக்கு மனசு இளகியது.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன் அண்ணி, மன்னிக்கணும். பிரேமா காலையில பன்னிக்கறி வறுத்தா. கொண்டாந்தோம். இங்க நிலைமையைப் பாத்துட்டு வண்டியிலேயே விட்டுட்டேன். ஆனா பாருங்க, நேர்ச்சை உங்களோடது. எங்கண்ணன் என்ன பாவம் பண்ணுச்சு? கூடவே சேந்து காயுது." யாரும் தடுப்பதற்குள் வெளியே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். மூடியைத் திறந்தார். மிளகும் சோம்பும் வறுபட்ட வாசனை கூடத்தில் நிறைந்தது.

"சாப்பிடுண்ணே. உனக்குத்தான் முழுசும்."

சகாயநாதன் டப்பாவைப் பார்த்தார். அவர் கை தட்டின் விளிம்பு வரை வந்து நின்றது.

"வயிறு நிறைஞ்சுருச்சு."

"யாருக்கு? உனக்கா?"

"ஆமாடா."

"பன்னிக்கறிக்கா?" விக்டர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். அண்ணனின் முகத்தைக் கிட்டத்தில் உற்றுப் பார்த்தார். ஆறு வருடமாக மாத்திரை தின்கிறவருக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் பிடிபடும். "அண்ணே, உனக்கு உடம்புக்கு ஏதாச்சும்..."

சகாயநாதன் மனைவியைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை மேரி ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

மேரி எழுந்து வந்து விக்டரின் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, விழுங்கினார். அப்புறம் இன்னொன்று.

"அக்கா!" என்று அலறினார் பிரேமலதா. "நேர்ச்சை!"

"அத்தை..." என்ற லின்சியின் கண்ணில் கனடாவே தண்ணீரில் முழுகுவது தெரிந்தது.

விக்டர் அண்ணனை மறந்துவிட்டார். "அண்ணி, பிப்ரவரியில கேஸ்..." என்று டப்பாவை நோக்கிக் கை நீட்டினார்.

"காரம் சரியா இருக்கு பிரேமா" என்றார் மேரி. "உப்பு ஒரு கல்லு தூக்கல்."

மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க, டப்பா காலியாகும் வரை சாப்பிட்டார். கடைசியில் ஒட்டியிருந்த மசாலாவையும் விரலால் வழித்தார். அது கணவருக்காகச் செய்ததா, பதினோரு மாதப் பசியா, செய்யாத புண்ணியத்துக்குக் கும்பிடு வாங்கியது உறுத்தியதா என்று தீர்மானிக்க அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலமே விக்டர் குடும்பம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது. பிரேமலதா இரண்டு மாதம் பேசவில்லை. சகாயநாதனின் உடம்பைப் பற்றி இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

பாத்திரம் கழுவும்போது சகாயநாதன் பக்கத்தில் வந்து நின்று, "ஏன் மேரி அப்படிப் பண்ணுன?" என்று கேட்டார்.

"அந்தக் கரண்டியை இப்படிக் குடுங்க" என்றார் மேரி.