மலைக்குப் போகும் திருவொற்றியூர் வேன்

வேன் ஓட்டுகிறவனுக்கு வழி தெரிந்தால் போதும், பிக்னிக் வேன் ஓட்டுகிறவனுக்கு வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்றும் தெரிய வேண்டும். எனக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை.

துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். அதை விட்டுவிட்டு ஒரு பழைய வேனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நம் திருவொற்றியூர் பக்கத்து ஆட்களை நகரத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு மலைக்கு அழைத்துப் போகிறேன். உச்சியில் பூங்கா. ஏறி நடக்கப் பாதை உண்டு, உட்கார்ந்து சாப்பிடப் புல்தரை உண்டு, ஊர் முழுக்கத் தெரியும். என் மனைவி தேவிக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "தை பொறக்கிற வரிக்கும் பாப்பேன். அப்பாலயும் வேன் காலியா ஓடுச்சின்னா நீ டிரெய்லருக்கே போயிடு" என்று கெடு வைத்துவிட்டாள். துறைமுக கேட்டில் நாள்கணக்கில் வரிசையில் கிடக்கும் அந்தப் பிழைப்புக்குத் திரும்பிப் போக எனக்கோ மனமில்லை. ஆகவே வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் சந்தோஷமாக இறங்க வேண்டும். இதே பிழைப்பில் இருக்கும் சகோதரர்களே, அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லைனில் நின்றது

முதல் பயணம். மலைப்பாதையில் பாதி ஏறியதும் இடது ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. நானும் பின்னால் போய் நின்று இன்ஜினை அணைத்தேன். துறைமுக கேட்டில் பழகியவன் முன்னால் வண்டி நின்றால் ஏன் என்று கேட்க மாட்டான், சீட்டைச் சாய்த்துக்கொண்டு படுத்துவிடுவான். உள்ளே இருந்தவர்களும் எண்ணூர் நெடுஞ்சாலையின் டிரெய்லர் வரிசைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்தானே. சிலர் தூங்கினார்கள். சிலர் புளிசாதத்தை அங்கேயே பிரித்து முடித்தார்கள். எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு வேன்கள் பின்னால் வந்து நின்றன.

வெகுநேரம் கழித்து பூங்கா வாட்ச்மேன் இறங்கி வந்தார். எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "ஏம்ப்பா, முன்னாடி நிக்கிற வண்டி எதுலயும் ஆளே இல்ல. அவங்க பார்க் பண்ணிட்டு மேல போய் சாப்பிட்டே முடிச்சிட்டாங்க. நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

கொட்டியது யார்?

மாசிலாமணி அண்ணன் நிலக்கரி யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தோடு வந்தார். மேலே ஏறியதும் காட்சியைப் பார்க்கவில்லை, காலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். நம் பக்கத்தில் தரைக்கு மேலே உயர்ந்து நிற்பதெல்லாம் லாரி கொட்டியதுதான்: நிலக்கரி, சாம்பல், குப்பை. இது தானாக இருக்கிற மலை அண்ணே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பிக்னிக் வேனுக்குள்ளேயே நடந்தது.

"மலை சும்மா வருமாபா? எந்த கம்பெனி கொட்னதுன்னு கேளு. சரிஞ்சி வுயுமா, நிக்குமான்னு கூட தெரியாம புள்ளைங்கள மேல ஏத்தி வச்சிகினு கீற!"

சரசா அக்காவின் மூக்கு

ஆலைப் புகை நெடியிலேயே வளர்ந்த எண்ணூர் சரசா அக்கா உச்சியில் நின்று மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். முகம் வெளுத்துவிட்டது. ஒரு வாசனையும் வரவில்லையாம். கொரோனா சமயத்தில் மூக்கு செத்துப்போன கதைகள் எல்லோருக்கும் ஞாபகம் வந்து, பக்கத்தில் நின்றவர்கள் மெதுவாக விலகினார்கள். அக்கா அவசரமாக டப்பாவைத் திறந்து வஞ்சிர வறுவலை மூக்கருகே கொண்டுபோனார். மசாலா வாசனை கமகமவென்று வந்தது. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அங்கேதான் பயம் அதிகமாகிவிட்டது.

"மூக்கு நல்லாத்தான் கீது. அப்போ காத்துக்குதான் இன்னாமோ ஆயிட்ச்சி. வா நைனா, வண்டிய எடு, கெளம்பிடலாம்!"

திருப்பி வைத்த ஊர்

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் அந்தோணி மாமு இருட்டிலும் மழையிலும் கரைக்கு வழி கண்டுபிடிப்பவர். ஆனால் கடலில் இருந்து ஊரைப் பார்த்தே பழகிய கண் அது. மலைமேல் நின்று ஊருக்கு அப்பால் கடலைப் பார்த்ததும் எல்லாம் இடம் வலமாகிவிட்டது. துறைமுகம் எது என்று கேட்டால் விமான நிலையத்தைக் காட்டினார். நான் சொன்னதை நம்பவில்லை, போனில் மேப்பைக் காட்டினால் அதையும் நம்பவில்லை.

"கடல்ல நான் தெச மாறினதே இல்ல நைனா. இங்கதான் ஊர திருப்பி வச்சிகிறானுங்க."

கெடு

இவர்களில் யாரும் மறுபடி வரவில்லை. மார்கழியில் வேன் பாதிக்கு மேல் காலி. தை பிறந்தது. டிரெய்லர் முதலாளிக்கு போன் போடச் சொன்ன தேவி, போடுவதற்கு முன்னால் அந்த மலையை ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று தானே வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் காலி சீட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.

மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நம்ம ஊரு எங்க?" என்றாள். வடக்கே காட்டினேன். "பொகையா கீதே, அதுவா?" அதுதான் என்றேன். கடலோரமாக இன்னும் கறுப்பாக இருப்பதுதான் துறைமுகத்து ரோடு, டிரெய்லர்கள் நாள்கணக்கில் காத்து நிற்கிற இடம் என்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அதுக்குள்ள போயி நில்லுன்னா நான் உன்ன தொரத்திகினு கெடந்தேன்? வேணாம்யா. வேன் காலியா ஓடினா ஓடட்டும், ஒரு சீட்டுல நான் குந்திகினு வரேன்."

ஆக, தொழில் எப்படிப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டிக்கெட் எடுக்காத ஒரே ஒரு பயணியை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது.