பின்சீட்டில் மடக்குக்கத்தி

இன்று பாளையங்கோட்டையிலிருந்து சந்திப்பு ரயில் நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் திசையன்விளை நண்பர். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பவர், விலையுயர்ந்த மடக்குக்கத்திகளைச் சேர்ப்பவர். புதிதாக வாங்கிய இரண்டை என்னிடம் கொடுத்தார்.

ஒன்று கட்டைவிரல் பட்டதும் சத்தமில்லாமல் திறந்தது. மற்றது திறந்து முடிக்கையில் 'டக்' என்றது.

"மடக்கிப் பாருங்க அண்ணாச்சி, இதுதான் வழுக்கிட்டுப் போகுது," என்றார்.

"இல்ல வே, டக்குன்னு விழுகதுதான் நல்ல பூட்டு," என்று நான் அதையே திரும்பத் திரும்பத் திறந்து மூடினேன்.

வண்ணார்பேட்டையில் முன்சீட்டு இளைஞர் அவசரமாக இறங்கினார்.

நான் பத்திரிகை நிருபர் என்று தெரிந்த கண்டக்டர் வந்தார். "அந்தத் தம்பி சந்திப்புக்கு டிக்கெட் எடுத்தவன். அவன் கழுத்துக்குப் பின்னால வச்சு என்ன வெளாட்டு இது? நாளைக்குப் பேப்பர்ல இதையும் நீங்களே எழுதிக்கிடுவியளோ?"

'கத்தியைக் காட்டி மிரட்டியதாக' என்று முப்பது வருடமாக எழுதுகிறேன். காட்டக்கூட வேண்டாம், சத்தமே போதும் என்பது இன்றுதான் உறைத்தது. கத்தியை மடக்கினேன்.

ஆற்றுப்பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. அந்த இளைஞர் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "தம்பி" என்று கூப்பிட்டேன்.

ஓடத் தொடங்கிவிட்டார். மடக்கிய கத்தி அந்தக் கையில்தான் இருந்தது.

எந்தக் கத்தி வழுவழுப்பு என்பதை நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியை யாருக்காவது தெரிந்தால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள். வெறுங்கையோடு வருகிறேன்.