வைரஸைத் திரும்பப் போடச் சொன்னவள்

என் தங்கை பியூலாவைப் பற்றிக் கோபம் இல்லாமல் எழுத முடியவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் அவள் வேலை பார்த்த இல்லத்தின் செகரட்டரி வேதசிரோமணி ஐயா நல்லவராகவே வந்து நின்றார். அவர் நல்லவர்தான் என்று இரும்புலியூரில் பலபேர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் அப்பா ரயில்வேயில் கேங்மேன். மூத்த பெண்ணான நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று, தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கராகப் போனேன். தைத்து வரும் சட்டைகளில் தையல் பிசகியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பியூலா என்னைவிட ஏழு வயது இளையவள். பி.எஸ்ஸி. கணக்கு முடித்தாள். டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பட்டம் அவளுடையது. அதை நான் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. இன்று கிண்டியில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் பொறுப்பில் இருக்கின்றன. அதையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு குணம். வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் உடனே கை வைக்க மாட்டாள். "கடைசியா எப்போ நல்லா ஓடுச்சு? அதுக்கப்புறம் யார் தொட்டாங்க?" என்று கேட்பாள். அம்மாவுக்கு எரிச்சல் வரும். "ஃபேன் ஓடலைன்னா ஓடலை. அதுக்குப் போலீஸ் விசாரணை எதுக்குடி?" என்பாள். ஆனால் பாதி நேரம் அந்த விசாரணையிலேயே ஃபேன் ஓட ஆரம்பித்துவிடும்.

1992இல் சேலையூர் பக்கம் 'நற்கரம்' இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போலியோ வந்த பிள்ளைகளுக்குக் கேலிப்பர் செய்து கொடுக்கும் இடம் அது. இரும்புப் பட்டையும் தோல் வாரும் ஷூவும் சேர்ந்ததுதான் கேலிப்பர். அதை மாட்டினால் நிற்கலாம், நடக்கலாம். பிள்ளை வளர வளர அதையும் மாற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு காலின் நீளம், முட்டியின் சுற்றளவு, எந்தக் காலில் எவ்வளவு வளைவு, ஷூவின் அடியில் எவ்வளவு உயரம் கூட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும். கேலிப்பர் செய்கிறவர் கோவளத்துக்காரர், ஏசுபாதம் அண்ணன். அவர் டேப் பிடித்துச் சத்தமாகச் சொல்வார். பியூலா கம்ப்யூட்டரில் அடிப்பாள்.

முன்பெல்லாம் இந்த அளவுகளை அட்டைகளில் எழுதி ஒரு பீரோவில் வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து உதவி செய்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று 1995இல் செகரட்டரி ஐயா அத்தனை அட்டைகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். "கம்ப்யூட்டர் இருக்கும்போது இந்தக் குப்பை எதுக்கும்மா?" என்றார். அப்படியானால் நகல் எடுத்து வைக்க ஒரு பெட்டி ஃப்ளாப்பியாவது வாங்கித் தாருங்கள் என்று பியூலா கேட்டாள். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார். பீரோ இருந்த இடத்தில் விருந்தாளிகள் உட்கார சோபா வந்தது. சோபாவுக்கு மட்டும் எந்தப் பட்ஜெட்டும் குறுக்கே நிற்கவில்லை.

1996 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை முகாம். ஏப்ரலில் அளவு கொடுத்துவிட்டுப் போன பிள்ளைகள் புதுக் கேலிப்பர் மாட்டிக்கொள்ள வருவார்கள். ஏசுபாதம் அண்ணன் பாதிக்குமேல் முடித்துவிட்டார். மிச்சத்துக்கு அளவு வேண்டும். அன்றைய சம்பவத்தின்போது நான் அங்கே இல்லை. பியூலா பாதியை விட்டுவிட்டுச் சொன்னதையும் ஏசுபாதம் அண்ணன் கூட்டிச் சொன்னதையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

காலையில் பள்ளிக்கரணையிலிருந்து கன்னியம்மா வந்தார். மகளின் கேலிப்பர் வார் அறுந்திருந்தது. பியூலா அந்தப் பிள்ளையின் ஏப்ரல் அளவைத் திறந்து படித்தாள், ஏசுபாதம் அண்ணன் வார் வெட்டினார். பிறகு கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டதும் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி நின்றது. 'டிஸ் இஸ் ஒன் ஹாஃப்.' இது ஒரு பாதி என்று அர்த்தமாம். தொடர ஏதாவது ஒரு பட்டனை அழுத்தச் சொல்லியிருந்தது. பியூலா எதையும் அழுத்தாமல் கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தாள்.

எஞ்சினியர் அரிகிருஷ்ணன் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். இளைஞர், மரியாதையானவர். வைரஸ் என்றார். தன் ஃப்ளாப்பியைப் போட்டு, ஹார்ட் டிஸ்கின் தொடக்கத்தில் அது உட்கார்ந்திருந்த இடத்தைச் சுத்தமாகத் திருத்தி எழுதினார். வைரஸ் போய்விட்டது. பிள்ளைகளின் கணக்கைத் திறந்தார்கள். பழைய பிள்ளைகள் சரியாக இருந்தார்கள். ஏப்ரலில் அளந்த அத்தனை பேரும் கிறுக்கல். எண் இல்லை, எழுத்து இல்லை, கட்டமும் கோடுமாகக் குப்பை.

"வைரஸ் சாப்பிட்டுடுச்சு சார். ஃபார்மேட் பண்ணிப் புதுசா போட்டுடலாம்" என்றார் அரிகிருஷ்ணன்.

அப்போதுதான் செகரட்டரி ஐயா வந்தார். அவர் முதலில் கேட்டது பிள்ளைகளைப் பற்றி இல்லை. "யார் கொண்டுவந்த ஃப்ளாப்பி?" என்று கேட்டார்.

அவருடைய அக்கா மகன் லாசரஸ் தினமும் சாயங்காலம் காலேஜ் நண்பர்களிடம் ஃப்ளாப்பி வாங்கி வந்து அந்தக் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடுவான். இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நீதானேம்மா போன மாசம் ஃப்ளாப்பியை வெளியே எடுத்துக்கிட்டுப் போன?"

"ரிப்போர்ட் லேசர் பிரிண்ட் வேணும்னு நீங்கதான் ஐயா தாம்பரத்துக்கு அனுப்பினீங்க."

"எதுத்துப் பேசாத. திங்கக்கிழமை ஜெபத்துல எழுந்து நின்னு மன்னிப்புக் கேட்டுடு. ஆண்டவரும் மன்னிப்பார், நாங்களும் மன்னிச்சிடுறோம்."

அந்த இல்லத்தின் வழக்கம் அது. காலை ஜெபத்தில் வேலைக்காரர், பிள்ளைகள், வந்திருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் முன்னால் தப்புச் செய்தவர் எழுந்து நிற்க வேண்டும். மன்னிப்புக் கொடுத்துவிடுவார்கள். பெயர் மட்டும் போகாது. ஒரு ஆயா பால் பானையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நின்றார். அவர் ஓய்வு பெறும்வரை 'பால் கொட்டின ஆயா'தான். நற்கரத்தில் எழுந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். செகரட்டரி வீட்டார் யாரும் நின்று நான் கேள்விப்பட்டதில்லை.

பியூலா அரிகிருஷ்ணனிடம் திரும்பினாள்.

"சார், இந்த வைரஸ் இன்னிக்கு வந்ததா?"

"இல்ல மேடம். ரொம்ப நாளா இருக்கும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் டிஸ்கைக் கடைசியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா பூட்டிக்கிட்டே வரும். பாதி ஆனதும் மெசேஜ் காட்டும்."

"பூட்டினதாலதான் இப்போ கிறுக்கலா தெரியுதா?"

"ஆமா."

"காலையில கன்னியம்மா பொண்ணோட அளவைத் தெளிவா படிச்சேனே. அண்ணன் வார் வெட்டினாரு. அதுக்கப்புறம் கம்ப்யூட்டரை யாரும் தொடலை. நீங்க மட்டும்தான் தொட்டீங்க."

அரிகிருஷ்ணன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"பூட்டினதும் அதுதான், நான் கேட்கும்போதெல்லாம் திறந்து காட்டினதும் அதுதான். அதனாலதான் இத்தனை நாளா எனக்கு ஒண்ணும் தெரியல. சாவி அதுகிட்ட இருக்கு சார். நீங்க அதைச் சாவியோட வெளியே தள்ளிட்டீங்க. எடுத்ததை எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தார். எந்த இடத்தைத் திருத்தினாலும் பழையதை ஒரு ஃப்ளாப்பியில் எடுத்து வைத்துக்கொள்வது அவர் பழக்கமாம். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பழக்கத்துக்காக அவர் நன்றாக இருக்கட்டும்.

"திரும்பப் போடுங்க" என்றாள் பியூலா.

"மேடம், வைரஸை நானே ஏத்தினேன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா என் வேலை போயிடும்."

செகரட்டரி ஐயாவுக்கு முகம் சிவந்தது. "ஓட்டின பிசாசை யாராவது திரும்பக் கூப்பிடுவாங்களா? இது கிறிஸ்தவ இல்லம்."

ஏசுபாதம் அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, பேயோ பிசாசோ, அதுங்கைல அளவு கீதுன்னா வரச்சொல்லுங்க ஐயா. உக்காரவச்சு டீ வேணாலும் வாங்கிக் குடுக்கறேன். திங்கக்கெழமை புள்ளைங்க வந்துகினு நின்னா நான் இன்னாத்த மாட்டி உடறது?"

சமையல்கட்டிலிருந்து யாரோ சிரித்தார்கள். செகரட்டரி ஐயா வெளியே போய்விட்டார். அரிகிருஷ்ணன் கொஞ்ச நேரம் ஃப்ளாப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எடுத்ததை எடுத்த இடத்திலேயே எழுதினார்.

கம்ப்யூட்டரைப் போட்டார்கள். பியூலா ஏப்ரல் கணக்கைத் திறந்தாள். கன்னியம்மா மகளின் இடது கால், வலது கால், முட்டி, ஷூ உயரம் எல்லாம் இருந்தன. அடுத்த பிள்ளையும் இருந்தது. ஏசுபாதம் அண்ணன் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார். படிப்பதை நிறுத்தச் சொல்லும்படி ஆயிற்றாம்.

அரிகிருஷ்ணன் தன் பையிலிருந்த காலி ஃப்ளாப்பிகளைக் கொடுத்தார். அளவுக் கணக்குகளை மட்டும் நகல் எடுத்தார்கள். புரோகிராம் எதையும் எடுக்கவில்லை, வைரஸ் அதில்தான் ஏறிக்கொண்டு வருமாம். நகல் முடிந்ததும் அவர் டிஸ்கை அழிக்கக் கிளம்பினார். பியூலா விடவில்லை. நகலை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும்வரை வைரஸ் அப்படியே இருக்கட்டும் என்றாள். என் தங்கை அவள்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. அவளோடு மேற்குத் தாம்பரத்து சென்டருக்கு நானும் போனேன். அங்கே ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து இல்லத்துக்குப் போன் செய்தாள். அரிகிருஷ்ணன் அங்கே காத்திருந்தார். "இப்போ அழிச்சிடுங்க சார்" என்றாள்.

ஸ்டேஷன் சப்வேயில் நடக்கும்போது சொன்னேன். "அந்த ஃப்ளாப்பி டப்பாவை யாருக்கும் குடுக்காத."

"எதுக்குக்கா?"

"இப்போ உலகத்துலயே அந்த அளவெல்லாம் உன் கையிலதான் இருக்கு. லாசரஸ் கொண்டுவந்த ஃப்ளாப்பிதான்னு செகரட்டரி ஜெபத்துல எழுந்து நின்னு சொல்லட்டும். அப்புறம் குடு."

அவள் நின்றாள். பின்னால் வந்த ஒருவர் இடித்துத் திட்டிவிட்டுப் போனார். "அப்போ அந்த வைரஸ் பண்ணினதுக்கும் நான் பண்ணப்போறதுக்கும் என்னக்கா வித்தியாசம்?"

"வைரஸுக்கு மானம் கிடையாது. உனக்கு இருக்கு."

"கன்னியம்மா மாதிரி அம்மாங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க. செகரட்டரி இன்னும் மன்னிப்புக் கேட்கலை, அதுவரைக்கும் தவழட்டும்னு நான் சொல்லணுமா?"

"நீ சொல்ற வரைக்கும் போகாது. அதுக்குள்ள அவரே கேட்டுடுவாரு."

"கேட்கலைன்னா?"

ஆனாலும் நான் சொன்னதுதான் சரி. மூன்று வருஷம் ஆகியும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று வீடு வரும்வரை அவளை விட்டு முன்னால் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்ததும் அவள் நேராக இல்லத்துக்குப் போய்க் கணக்குகளைத் திரும்ப ஏற்றி, ஒவ்வொரு பிள்ளையின் அளவையும் அச்சடித்து ஏசுபாதம் அண்ணனிடம் கொடுத்தாள். நான் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் ரிவெட் அடித்துக்கொண்டே கேட்டார். "இன்னா பியூலாம்மா, நாளைக்கு எழுந்து நிப்பியா?"

"அடுத்த பிள்ளை, ரெண்டு காலுக்கும் வித்தியாசம் ஒண்ணேகால் இன்ச். பார்த்துக்குங்க அண்ணே."

"நான் கேட்டது இன்னா, இது சொல்றது இன்னா பாரு" என்றார் என்னிடம்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். ஜெப ஹால் நிறைந்திருந்தது. பெற்றோரோடு பின்வரிசையில் உட்கார்ந்தேன். காணாமல் போனதைக் கர்த்தர் திரும்பக் கொடுத்தார் என்று செகரட்டரி ஐயா நன்றி சொன்னார். எஞ்சினியர் தம்பியின் கைகளை ஆசீர்வதிக்கச் சொல்லி ஜெபித்தார். பியூலாவின் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லாசரஸ் முன்வரிசையில் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். பிறகு, "பியூலா" என்றார்.

அவள் எழுந்தாள்.

"எல்லாப் பிள்ளைங்க அளவும் ஏசுபாதம் அண்ணன்கிட்ட இருக்கு. யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை" என்று பெற்றோரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு முன்னால் திரும்பினாள். "வைரஸை நான் கொண்டுவரலை ஐயா. செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஆர்மோனியக்காரர் பயந்துபோய் அவராகவே ஒரு பாட்டை ஆரம்பித்தார். பாதிப்பேர் பாடினார்கள்.

ஜெபம் முடிந்ததும் செகரட்டரி ஐயா அவளை அறைக்குக் கூப்பிட்டு, இனி இங்கே வேலை இல்லை என்றார். அப்போதே அவள் என்னோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகாம் முடியும்வரை இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அளவு படித்தாள், ஷூ மாறிப்போனதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள். வேலை இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் அவ்வளவு வேலை செய்த ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. கடைசிப் பிள்ளைக்கும் கேலிப்பர் மாட்டியபிறகுதான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கேட்டில் செகரட்டரி ஐயா நின்றார். குரல் இறங்கியிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்மா."

"அந்த ஒரு வார்த்தையை நீங்களும் சொல்லியிருக்கலாம் ஐயா."

நான் அவரிடம் சொல்ல நிறைய வைத்திருந்தேன். வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். முதல் வார்த்தைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் பியூலா என் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.