இன்னொரு காதுக்கு யார் மடி

தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தோம். மனைவியின் தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. பத்துமலைக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். இருந்ததோ ஒரே மாமன்.

"ஒங்க சித்தப்பா மகன உக்கார வெச்சா என்னா?" என்று மனைவியிடம் கேட்டேன். பெரிய சாமர்த்தியசாலி என்று எனக்கு நினைப்பு.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனாள். கிள்ளானில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அவள். கேள்விகளைக்கூட டைப் அடித்தே கொண்டுபோயிருந்தாள்: முத்தம், எச்சில், ஒரே கிளாஸ், கடி. திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"முத்தம் கொடுத்தா வராது. எச்சில்ல வராது. கடிச்சாக்கூட தோல் நல்லா கிழிஞ்சி ரத்தம் கலந்தாத்தான் யோசிக்கணுமாம், அதுவும் ரொம்ப ரொம்ப அபூர்வமாம். பயந்தே ஆகணும்னா காது குத்துறவரு ஊசிக்குப் பயப்படுங்க. அது எத்தன காதப் பாத்துச்சோ!"

மூளைக்குப் புரிந்தது. பயம் மட்டும் போகவில்லை. மச்சினனும் அந்த மூன்று மாதமாக மருமகளைத் தொடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போய்விடுவான். அது எனக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பத்துமலையில் மொட்டை முடிந்து சந்தனம் பூசினார்கள். மனைவி தம்பியை உட்காரச் சொல்லி, மகளை அவன் மடியிலேயே வைத்தாள். மனைவி கேட்டபடி புது ஊசியைப் பிரித்தார் காது குத்துபவர். முதல் காது குத்தியதும் வீறிட்ட மகள், தன்னைப் பிடித்திருந்த மாமன் கையைக் கடித்துவிட்டாள். நான் பாய்ந்து அவளைப் பிடுங்கி, ரத்தம் இருக்கிறதா என்று அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து பார்த்தேன்.

மச்சினன் எழுந்து கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "மச்சான், மன்னிச்சிருங்க. நீங்களே வெச்சிக்கங்க."

மனைவி அந்தக் கையை இழுத்து வெயிலில் திருப்பிக் காட்டினாள். நாலு குட்டிப் பல் தடம். "பாருங்க. தோல் கிழியல. ரத்தம் இல்ல." அவ்வளவுதான். திட்டவில்லை, குழந்தையை என்னிடமிருந்து வாங்கவும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். இன்றுவரை அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை.

"பாஸ், இன்னொரு காது இருக்கு லா. யாரு மடியில?" என்றார் காது குத்துபவர்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மச்சினனை உட்காரச் சொல்லி, மகளை அவன் மடியில் வைத்தேன். "நல்லா புடிச்சிக்க. திரும்பக் கடிப்பா."

கடித்தாள். இந்தத் தடவை நான் வாயைத் திறந்து பார்க்கவில்லை. அழுதவளைத் தேற்றும்போது, மச்சினன் தன்னை மறந்து அவள் மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்துவிட்டான். உதடெல்லாம் சந்தனம். உடனே முகம் வெளுத்து, கைக்குட்டையை எடுத்து அவள் தலையைத் துடைக்கப் போனான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடு லா," என்றேன்.